எது சரி செய்தது?

எங்கள் பால் பதப்படுத்தும் ஆலையின் ஈ.டி.பி.யில் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில்), நுண்ணிய காற்றுக் குமிழிகளால் கொழுப்பையும் கசடையும் மிதக்கவைத்து அகற்றும் டி.ஏ.எஃப். தொட்டி அன்று காலை கலைந்துபோனதற்குக் காரணம் என்ன என்று கேட்டால் இன்றும் என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. எது சரி என்று அறியும் வாய்ப்பு கையில் இருந்தபோது அதை விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுத்தது நியாயம்தான் என்று பெரும்பாலான நாட்களில் நினைக்கிறேன்.

தெளிந்த நீரில் ஒரு பகுதியை, அதாவது ரீசைக்கிளை, பம்ப் சேச்சுரேட்டர் என்ற அழுத்தக் கலனுக்கு அனுப்பும்; அங்கே அதில் காற்று கரையும். ரிலீஸ் வால்வைத் தாண்டி அழுத்தம் குறைந்ததும் அந்தக் காற்று நுண்குமிழிகளாகப் பிரிந்து நீரைப் பால்போல் வெளுக்கவைக்கும். வழக்கமான கோளாறு என்றால் அழுத்தம் காட்டும் கேஜையும் ஓட்டம் காட்டும் ரோட்டாமீட்டரையும் சேர்த்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ரீசைக்கிள் அழுத்தம் ஏறி ஓட்டம் குறைந்தால் ரிலீஸ் வால்வில் கொழுப்பு அடைத்திருக்கிறது; இரண்டும் சேர்ந்து இறங்கினால் பம்பின் உறிஞ்சு பக்கத்தில், முதலில் ஸ்ட்ரெய்னரில் பார்க்க வேண்டும்; அழுத்தம் இறங்கி ஓட்டம் கூடினால் வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ திறந்துவிட்டிருக்கிறார்கள். அன்றோ முள் 4 பாருக்கும் 5 பாருக்கும் இடையே ஆடிக்கொண்டே இருந்தது. ஃபீட், அதாவது சுத்திகரிக்க வரும் கழிவுநீர், நுழையும் இடத்தில் பால்போன்ற வெண்மை இல்லை. கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய குமிழிகள் பொங்கி, மேலே திரண்டிருந்த கசடுப் படலத்தைக் கிழித்தன. உடைந்த துகள்கள் மிதப்பதை வழித்தெடுக்கும் ஸ்கிம்மருக்கு எட்டாமல், வெளியேறும் நீரோடு, நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும் ஏரேஷன் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன.

டேங்கர் கழுவும் நேரம் அது. சூடான கழுவுநீர் மொத்தமாக வந்து இறங்கியதும் கழிவுநீரை முதலில் சேர்த்துவைக்கும் ஈக்வலைசேஷன் தொட்டியின் மிதவை சுவிட்ச் இரண்டாவது ஃபீட் பம்பையும் ஓட விட்டிருந்தது. டி.ஏ.எஃப். தொட்டியின் கொள்ளளவை மீறிய ஓட்டத்தில் துகளும் குமிழியும் ஒட்டி மேலேற நேரம் கிடைக்காது என்பது என் கணக்கு. இரண்டாவது பம்பை நிறுத்தப் பேனலுக்குப் போனேன். அதே நேரத்தில் ஆபரேட்டர், நான் சொல்லாமலே, சேச்சுரேட்டருக்குப் போகும் காற்று வால்வைச் சற்று அடைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் வெண்மை திரும்பியது, முள்ளும் நின்றது.

“அண்ணா, காத்து வால்வை மட்டும் பழையபடி வையுங்க. எதனால சரியாச்சுன்னு பாத்துரலாம்” என்றேன்.

“சரியானதப் போயி எதுக்குங்க சார் நோண்டோணும்? மறுபடி கிளம்புச்சுன்னா ஏரேஷன்ல நுரை தள்ளும். நைட் ஷிப்ட்காரந்தான் அல்லாடுவான்.”

நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. கொழுப்பு ஏரேஷன் தொட்டிக்குள் போனால், அங்குள்ள நுண்ணுயிர்கள் தேறிவர நாட்கணக்காகும். ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக அந்த விலையைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் இன்னொன்றைச் சொன்னார்: “ரிலீஸ் லைன்ல குடுகுடுன்னு சத்தம் வந்துச்சுங்க, அதான் அடச்சேன்.” அந்தச் சத்தத்துக்குப் பொருள் உண்டு. சேச்சுரேட்டரில் நீர்மட்டம் மிகவும் இறங்கிவிட்டால் கரையாத காற்று அப்படியே குழாய் வழியே பாய்ந்துவிடும்; காற்றைக் குறைத்தால் மட்டம் மீண்டும் ஏறும். பெரிய குமிழிகளுக்கும் முள்ளின் ஆட்டத்துக்கும் அது ஃபீட் ஓட்டத்தைவிடப் பொருத்தமான விளக்கம். பேனலருகில் நின்ற எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. லாக் புத்தகத்தில் சத்தத்துக்கு ஒரு கட்டமும் கிடையாது.

பிறகு மாதிரிக் குழாயில் குமிழிகளால் வெளுத்த நீரை அளவு ஜாடியில் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். 50 மைக்ரான் குமிழி ஓர் அடி உயரம் ஏற ஏறக்குறைய மூன்றரை நிமிடம் ஆகும். ஆகவே வெண்மை அடியிலிருந்து மெல்ல மெல்லத் தெளிய வேண்டும். அப்படியே தெளிந்தது. கோளாறு தீர்ந்துவிட்டது என்பதை ஜாடி காட்டியது, கோளாறு எங்கே இருந்தது என்பதை அது காட்டாது.

அந்தப் பதில் நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டது, அதுவும் ஒற்றை வரியில். ஃபீட் ஓட்டம் என்று எழுதினால் பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. வாங்க வேண்டும், சேச்சுரேட்டர் மட்டம் என்று எழுதினால் லெவல் கன்ட்ரோலரைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். நான் ஃபீட் ஓட்டம் என்று எழுதினேன். காலைநேரத்து ஏற்ற இறக்கம் எப்படியும் அந்தத் தொட்டிக்கு நல்லதல்ல, அதை ஒழிக்கக் கிடைத்த சந்தர்ப்பம் இது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு காரணத்தை நம்பி எழுதுவதும், அது நல்ல பலன் தரும் என்பதால் எழுதுவதும் ஒன்றா என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குகிறேன்.

வி.எஃப்.டி. மார்கழியில் வந்தது, அதன்பின் முள் அப்படி ஆடவில்லை. குளிர்ந்த நீரில் காற்று கூடுதலாகக் கரையும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால் கரைதிறன் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் சித்திரை வரும்வரை இதை வெற்றி என்று எண்ண மனம் வரவில்லை. தவிர, டேங்கர் கழுவும் நேரத்தில் ஆபரேட்டர் இன்னமும் காற்று வால்வைச் சற்று அடைத்து வைக்கிறார். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆகவே வி.எஃப்.டி.யின் பங்கு எவ்வளவு, அவர் கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இப்போதும் வழியில்லை.