செட் மைனஸ் ஐ ஃபைலைத் திருத்துவதில்லை, மாற்றி வைக்கிறது

கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியை ஸ்கிரிப்ட்டிலிருந்து மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் முதலில் எடுப்பது செட் மைனஸ் ஐ (sed -i), லினக்ஸிலும் மேக்கிலும் டெக்ஸ்ட் வரிகளை மாற்றும் கட்டளை. அது பழைய ஃபைலைத் தொடுவதே இல்லை. அதே டைரக்டரியில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, மாற்றிய வரிகளை அதில் எழுதி, கடைசியில் பழைய பெயரை அதற்குக் கொடுத்துவிடுகிறது. எல்எஸ் மைனஸ் ஐ (ls -i) போட்டு முன்னும் பின்னும் பாருங்கள், ஐநோடு எண் (டிஸ்க்கில் ஃபைலின் அடையாள எண்) மாறியிருக்கும். செட்டால் வரும் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

டெபியன், உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் (nginx) வெப் சர்வரையே எடுத்துக்கொள்வோம். சைட்ஸ்-எனேபிள்டு டைரக்டரியில் இருப்பவை வழக்கமாக சைட்ஸ்-அவைலபிளில் உள்ள அசல் ஃபைல்களைக் காட்டும் சிம்லிங்க்குகள், அதாவது குறுக்குவழிகள். அங்கே மைனஸ் ஐ ஓட்டினால் சிம்லிங்க் காணாமல் போய், அந்த இடத்தில் தனி ஃபைல் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த மாதம் வேறொருவர் அவைலபிளில் திருத்தி, ரீலோடு செய்து, ஏன் எதுவுமே மாறவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார். க்னூ செட்டில் இதற்கு ஃபாலோ-சிம்லிங்க்ஸ் ஆப்ஷன் உண்டு. அவைலபிளில் உள்ள அசல் ஃபைலையே திருத்துவது இன்னும் நல்லது. பேக்கப்புக்காக எனேபிள்டுக்குள் .பேக் ஃபைல் விழவிட்டால் இன்னொரு வம்பு: அந்த டைரக்டரியில் இருப்பதையெல்லாம் என்ஜின்எக்ஸ் படிக்கும், பேக்கப்பையும் சேர்த்து. அந்த ஃபைலில் டிஃபால்ட் சர்வர் குறிப்பு இருந்தால், அது இரண்டு முறை வருகிறது என்று சொல்லி ரீலோடை மறுத்துவிடும்.

டாக்கரில் ஒரே ஒரு ஃபைலை மட்டும் பைண்ட் மவுண்ட் செய்திருந்தாலும், அதாவது வெளியே உள்ள ஃபைலை அப்படியே கன்டெய்னருக்குள் தெரியவைத்திருந்தாலும், இதே கதைதான். வெளியே ஹோஸ்ட்டில் திருத்தினால் கன்டெய்னர் பழைய ஐநோடையே பிடித்துக்கொண்டிருக்கும். கன்டெய்னருக்கு உள்ளேயிருந்து, இப்படி மவுண்ட் ஆகியிருக்கும் /etc/hosts ஃபைலில் ஓட்டினால் 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று திட்டு விழும். செட்டின் வெளியீட்டை வேறொரு ஃபைலில் எழுதி, அதை கேட் (cat) கட்டளை மூலம் அசலுக்குள் ரீடைரக்ட் செய்தால் ஐநோடு, ஓனர், பர்மிஷன் எல்லாம் அப்படியே இருக்கும். இடைக்கால ஃபைல் வேண்டாமே என்று நேராக அதே ஃபைலுக்கு ரீடைரக்ட் செய்துவிடாதீர்கள். செட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் அதைக் காலி செய்துவிடும்.

எஸ்எஸ்ஹெச்டி (sshd, தொலைவிலிருந்து லாகின் செய்யவிடும் சர்வர்) கான்ஃபிக்கில் சிக்கல் பேட்டர்னில், அதாவது செட் தேடும் வடிவத்தில். பாஸ்வேர்ட் லாகினை நிறுத்த, # போட்ட பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் வரியைப் பிடித்து 'நோ' ஆக்குவார்கள். அந்த ஃபைலில் பாம் (PAM, லினக்ஸின் லாகின் சரிபார்ப்பு அமைப்பு) பற்றிய விளக்கக் குறிப்பிலும் ஒரு வரி # குறிக்குப் பின் இடைவெளி விட்டு அதே சொல்லில்தான் தொடங்குகிறது. தளர்வான பேட்டர்ன் அதையும் செட்டிங்காக மாற்றிவிடும், குறிப்பு பாதியில் அறுந்து நிற்கும். உண்மையான செட்டிங்குகளில் # குறியும் சொல்லும் ஒட்டியிருக்கும். இடைவெளியை அனுமதிக்காமல், வரி யெஸ் அல்லது நோவில் முடிய வேண்டும் என்றும் கட்டுங்கள். ஃபைல் விண்டோஸிலிருந்து வந்திருந்தால் வரி முடிவில் ஒளிந்திருக்கும் சிஆர் (CR) எழுத்தால், வரி முடிவைக் குறிக்கும் $ பொருந்தாது.

இத்தனையும் சரியாகச் செய்தும் பாஸ்வேர்ட் கேட்கிறதா? உபுண்டுவில் மெயின் ஃபைலின் தலையிலேயே எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்.டி டைரக்டரியை இன்க்ளூட் செய்திருக்கிறார்கள். எஸ்எஸ்ஹெச்டிக்கு முதலில் வந்த மதிப்பே செல்லும். அதனால் அங்கே கிளவுட்-இனிட் (கிளவுட் சர்வரை முதல் முறை அமைக்கும் நிரல்) வைத்த ஃபைலில் 'யெஸ்' இருந்தால் உங்கள் 'நோ' செல்லாக்காசு. கடைசி வரியில் புதிதாகச் சேர்ப்பதும் ஆபத்து, மேலே மேட்ச் பிளாக் (குறிப்பிட்ட பயனர் போன்றோருக்கு மட்டும் செல்லும் பகுதி) இருந்தால் அதற்குள் போய்ச் சேரும். ரீலோடுக்கு முன் எஸ்எஸ்ஹெச்டி கட்டளையோடு மைனஸ் சின்ன டி (-t) போட்டு இலக்கணம் பாருங்கள், மைனஸ் பெரிய டி (-T) போட்டால் நடைமுறையில் எந்த மதிப்பு என்று காட்டும். திறந்திருக்கும் செஷனை மட்டும் மூடாதீர்கள்.

ஒரு வரிகூடப் பொருந்தாவிட்டாலும் செட் பூஜ்யத்தையே, அதாவது பிழையில்லை என்ற குறியீட்டையே, திருப்பித் தரும். 'வெற்றி' என்று ஸ்கிரிப்ட் மேலே போய்விடும். மாற்றிய பிறகு புதிய வரி இருக்கிறதா என்று வரியைத் தேடும் கிரெப் மைனஸ் க்யூ (grep -q) வைத்துச் சோதித்து, இல்லையென்றால் ஸ்கிரிப்டை நிறுத்துவதே முறை. மாற்றுச் சொல்லில் & இருந்தால் பொருந்திய பகுதி முழுவதும் அங்கே வந்து விழும்; பாஸ்வேர்டுகளில் இது அடிக்கடி மாட்டும், முன்னால் \ போடுங்கள். பாத் மாற்றும்போது / குறிக்குப் பதில் | போட்டால் கண்ணுக்கும் நல்லது.

மேக்கில் மைனஸ் ஐக்குப் பின்னொட்டு (பேக்கப் பெயரின் கடைசியில் சேரும் .பேக் போன்றது) கட்டாயம். தராவிட்டால் உங்கள் எஸ் கட்டளையையே (s/பழையது/புதியது/) பின்னொட்டாக விழுங்கிவிடும். வெற்று மேற்கோள் குறி கொடுத்தால் மேக்கில் ஓடும், ஆனால் லினக்ஸ் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு எஸ் கட்டளையை ஃபைல் பெயராகத் தேடும். மைனஸ் ஐயோடு .பேக்கை இடைவெளியில்லாமல் ஒட்டி எழுதினால் இரண்டிலும் ஓடும்.