பழைய கட்டடங்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 7 வந்தால் தெருவெல்லாம் கொண்டாட்டம். 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து அந்த நகரம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த நாள் அது. பினாங்கில் படித்த காலத்தில் அதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போதெல்லாம், நம் ஊருக்கு ஏன் இப்படி ஒரு நாள் இல்லை என்று நினைப்பேன்.

எங்கள் ஊர் வட பேராக்கில் இருக்கிறது. 1877-இல் ரப்பர் கன்றுகளை நட்ட கோலகங்சாரிலிருந்து ரொம்பத் தூரமில்லை. ரப்பர் பணத்தில் எழுந்த கடைத்தெரு இது. இப்போது நாலு பக்கமும் செம்பனை. கடை வரிசையில் இரண்டு கட்டடங்களை இடித்துக் கார் கழுவும் இடமாக்கிவிட்டார்கள். தோட்டத்துப் பக்கம் தொழிலாளர்கள் வரிசையாய்க் குடியிருந்த லயங்கள் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருக்கின்றன. இடிக்கிற அன்று வருத்தப்படுவதைவிட, நிற்கும்போதே ஊரைக் கூட்டி உள்ளே அழைத்துப் போகலாம் என்று நாங்கள் சிலர் முடிவெடுத்தோம். பிரான்ஸில் 1984-இல் தொடங்கியதுதான் இந்த யோசனை. வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். 1991-இலிருந்து அது ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள் என்பதால், அதை ஒட்டிய ஞாயிறை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

முதல் சண்டை பட்டியலில்தான் வந்தது. கடைத்தெருவும் பழைய தபால் கந்தோரும் போதும் என்று சிலர் சொன்னார்கள். தோட்டத்தில் கணக்கெழுதும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கிராணி ஐயா ஒருவர் கூட்டத்துக்கு வந்திருந்தார். பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“டீச்சர், கடை எல்லாம் பாக்க அழகாத்தான் இருக்கு. அந்தக் கடைக்கு அரிசி பருப்பு வாங்க வந்தவங்க எங்க குடியிருந்தாங்க? அது இதுல இல்லையே.”

அதன்பிறகுதான் பட்டியல் முழுமையானது. தமிழ்ப்பள்ளியின் பழைய பலகைக் கட்டடம், காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்ட பெரட்டுக் களம், ரப்பர் ஷீட்டைப் புகை போட்ட வீடு, மிச்சமிருக்கும் ஒரே லயம், மாரியம்மன் கோயில் எல்லாம் சேர்ந்தன. லயத்துக்கு மட்டும் கடைசிவரை எதிர்ப்பு இருந்தது. “நம்ம கஷ்டத்தக் காட்சிக்கு வைக்கணுமா?” என்று லயத்தில் பிறந்த ஓர் அண்ணனே கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே குடியிருந்தவர்கள் மட்டுமே அங்கே பேச வேண்டும், வேறு யாரும் விளக்கம் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு சேர்த்தோம். அந்த நிபந்தனையே பிறகு அந்த நாளின் உயிராக ஆனது.

கட்டடம் யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் இதில் அதிக நேரம் தின்னும் வேலை. கடையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் வாடகைக்காரர். லாட் எண்ணை வாங்கிக்கொண்டு நில அலுவலகத்தில் பணம் கட்டித் தேடினால், தாத்தா பெயரில் இருந்தது பேரன் பேத்திகள் பெயரில் துண்டு துண்டாய்ப் பிரிந்திருக்கிறது. ஒருவர் ஈப்போவில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் ஆஸ்திரேலியாவில். எல்லாரிடமும் கையெழுத்து வாங்க முடியாது. ஒருவரிடமாவது எழுத்தில் சம்மதம் வாங்கி, மற்றவர்களுக்கு நகல் அனுப்பிவிடுங்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

தோட்ட நிர்வாகம் இன்னும் மெதுவு. மேனேஜருக்கு எழுதினால் தலைமையகத்துக்கு எழுதச் சொன்னார்கள். அங்கே எழுதினால் மேனேஜரின் கருத்தைக் கேட்டார்கள். கடிதம் இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் போக வேண்டும், ஒன்றில் மற்றதன் நகல் இருக்க வேண்டும். கடைசியில் சம்மதித்தார்கள். காப்பீடு எடுக்க வேண்டும், புகை வீட்டுக்குள் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் போகக்கூடாது, தலைக்கவசம் கட்டாயம் என்றார்கள். மேற்கூரைச் சட்டங்களைக் கரையான் அரித்திருந்ததால் அது சரியான நிபந்தனைதான். போலீசுக்கும் மாவட்ட மன்றத்துக்கும் முன்கூட்டியே தெரிவித்தோம். அதில் சிக்கல் இல்லை.

கோயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கும்பாபிஷேகத்துக்கான திருப்பணி அப்போது நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோயிலைப் புதுப்பிப்பது நம் வழக்கம். அதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. வழிபாடு நடக்கிற இடம் அருங்காட்சியகம் இல்லை. ஆனால் திருப்பணி என்றாலே பழையது அத்தனையும் போய்விடுகிறது. எத்தனையோ தோட்டத்துக் கோயில்களில் இன்று பழைய கல் ஒன்றுகூடக் கிடையாது.

நாங்கள் போன அன்று முன்மண்டபத்தில் டைல்ஸ் பதிக்க அளந்துகொண்டிருந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் சுண்ணாம்பு மேலே சுண்ணாம்பாக அடித்து மூடிப்போன ஒரு பலகைக் கல். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தபோது எழுத்து தெரிந்தது. உபயம் என்று தலைப்பு, 1931 என்று வருடம், கீழே பெயர்கள். ஒரு கங்காணி ஐந்து வெள்ளி. அதற்குக் கீழே வரிசையாய் ஐம்பது காசு, ஐம்பது காசு, இருபத்தைந்து காசு. பெண்களின் பெயர்களும் தனியாக இருந்தன, யாருடைய மனைவி என்ற அடைமொழி இல்லாமல்.

1931 எப்படிப்பட்ட வருடம் என்று நினைத்துப் பாருங்கள். ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. தோட்டங்களில் கூலியைக் குறைத்தார்கள். வேலையில்லாதவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நேரத்தில் ஐம்பது காசு என்பது ஒரு நாள் கூலிக்கும் மேல். நாளைக்கு இந்த மண்ணில் இருப்போமா என்று தெரியாதவர்கள் எடுத்துக் கொடுத்த காசு அது.

கோயில் தலைவர் கல்லின் முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பாதியில் நிறுத்தி, “இது எங்க பாட்டியம்மா பேருங்க” என்றார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, அந்தச் சுவரை விட்டுவிட்டு மற்ற இடத்தில் டைல்ஸ் போடச் சொன்னார். நான் வாதாடத் தயாராகப் போயிருந்தேன். ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. இப்போது அந்தக் கல்லுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு எரிகிறது.

கடைத்தெருவில் வேறு மாதிரி வேலை. அங்கே பழைய கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. 1881-இல் கோலாலம்பூர் தீயில் எரிந்த பிறகு அத்தாப்பு ஓலைக்குப் பதில் செங்கல்லும் ஓடும் வந்தன, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவின. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புச் சுவர் வழியே வெளியேறிவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லே பொடியாக உதிரும். கடைகளின் முன்னால் ஓடும் நடைபாதையான அஞ்சடியில் நடந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். சிமெண்டு பூசிய தூணில் முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பெயர்ந்து தொங்கும். பக்கத்திலேயே சுண்ணாம்புத் தூண் கறுத்திருந்தாலும் கெட்டியாக நிற்கும். ஒரு கடையின் பின்சுவரில் நீர்த்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சாக அடிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுத்தோம். கடைக்காரச் சீன அங்கிள் முதலில் வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் அவரே பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார்.

அன்று காலை ஏழு மணிக்கே பெரட்டுக் களத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பழைய தண்டவாளத் துண்டைத் தேடிப் பிடித்துக் கட்டி, பெரட்டுக்கு அடிப்பதுபோல் அடித்துத் தொடங்கினோம். பள்ளிக் கட்டடத்தில் கிராணி ஐயா பேசினார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னதையும், சட்டம் வந்த இடமெல்லாம் பள்ளி வந்துவிடவில்லை என்பதையும் சொன்னார்.

புகை வீட்டில் பிள்ளைகள் அசையவே இல்லை. உறைந்த ரப்பர்ப் பாலை மெஷினில் ஷீட்டாக உருட்டி, கழிகளில் தொங்கவிட்டு, ரப்பர் விறகுப் புகையில் நாலைந்து நாள் காய வைத்த இடம். உள்சுவர் தார் பூசியதைப்போல் கறுத்து மின்னுகிறது. கையை வைத்தால் பிசுபிசுக்கிறது. எத்தனை வருடமாயும் அந்த வாடை போகவில்லை.

லயத்தில் பால் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் நடுவில் நின்றுகொண்டார். “இங்கதான் அடுப்பு. அங்க ரெண்டு பேரு, இந்தப் பக்கம் நாலு பேரு படுப்போம். பால் தூக்குற காண்டா, வாளி, மங்கு எல்லாம் வெளியில. இருட்டோட எந்திரிச்சு நெத்தி விளக்கக் கட்டிக்கிட்டுப் போயிடுவோம்.” ஒரு பையன், “பாட்டி, அப்ப எங்க படிப்பீங்க?” என்று கேட்டான். “நான் எங்கய்யா படிச்சேன், என் புள்ளைங்கதான் படிச்சாங்க. அந்தா, அந்தத் திண்ணையில” என்றார். எதிர்ப்புச் சொன்ன அண்ணன் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். மதியத்துக்குமேல் அவரே தன் குடும்பம் இருந்த அறைக்கு ஆட்களைக் கூட்டிப்போனார்.

இந்த நாளால் எந்தக் கட்டடமும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டுவிடவில்லை. 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டத்தின்கீழ் தேசியப் பாரம்பரியத்துக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரம், அதனால் மாநிலத்தையும் கேட்டாக வேண்டும். உரிமையாளர் பகையானால் ஒன்றும் நகராது. அதனால்தான் திறந்த நாளை முதலில் வைத்தோம். தன் கட்டடத்துக்குள் ஊரே வந்து நின்று ஆச்சரியப்படுவதைப் பார்த்த உரிமையாளரிடம் அடுத்த நாள் பேசுவது வேறு மாதிரி இருக்கிறது. ஈப்போவில் இருக்கும் பேரன் ஒழுகும் கூரைப் பீலியை மாற்றிவிட்டார். தோட்ட நிர்வாகம் லயத்தை அளந்து வரைபடம் எடுக்க அனுமதித்திருக்கிறது. அந்த வேலை முடிந்ததும் படங்களும் பாட்டியின் பேச்சும் சேர்ந்த கோப்பைத் தேசியப் பாரம்பரியத் துறையான ஜபாத்தான் வாரிசானுக்கு அனுப்பப் போகிறோம்.

அடுத்த ஏப்ரலுக்குத் தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரியையும் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். தலைமையகத்துக்கும் மேனேஜருக்கும் கடிதங்கள் ஒரே நாளில் போய்விட்டன.