கைமாறி வரும் போனும் அன்ட்ரொய்டின் கதையும்

ஹட்டன் நகரத்துத் தொலைபேசிக் கடைகளில் பாவித்த போனுக்கு விலை கேட்பவர்கள், கமராவைப் பற்றி விசாரிப்பதற்கு முன் "இதில் வட்ஸ்அப் வேலை செய்யுமா?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வி சிறியதாயினும், அதற்குச் சரியான விடை சொல்ல போனை இயக்கும் அடிப்படை மென்பொருளான அன்ட்ரொய்ட் இயங்குதளத்தின் வரலாற்றில் பாதியையாவது அறிந்திருக்க வேண்டும். மலையகத்தில் போன் என்பது பெரும்பாலும் கைமாறி வரும் பொருள். கொழும்பில் வேலை செய்யும் மகன் புதியதொன்றை வாங்கியதும் பழையது தோட்டத்திலிருக்கும் அம்மாவுக்கு வந்து சேரும். சில காலம் கழித்து அதுவே பாடசாலை செல்லும் தங்கையின் கைக்குப் போகும். ஆகையால் புதிய பதிப்பில் என்ன சேர்ந்தது என்பதைக் காட்டிலும், பழைய பதிப்பு எதுவரை தாக்குப்பிடிக்கும் என்பதே நமக்கு முக்கியமாகிறது.

2003 இல் கலிபோர்னியாவின் பலோ அல்டோவில் அன்டி ரூபின் உள்ளிட்ட நால்வர் தொடங்கிய அன்ட்ரொய்ட் என்ற சிறு நிறுவனம், முதலில் டிஜிட்டல் கமராக்களுக்கான இயங்குதளம் ஒன்றையே மனத்தில் வைத்திருந்தது. 2005 இல் கூகுள் அதை வாங்கியது. 2007 நவம்பரில், அன்ட்ரொய்டை வளர்த்தெடுக்க 34 நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு அறிவிக்கப்பட்டது; மறு ஆண்டு எச்.ரீ.சி நிறுவனம் தயாரித்த முதலாவது அன்ட்ரொய்ட் போன் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதில் இழுத்துத் திறக்கும் விசைப்பலகை இருந்தது. திரையிலேயே தட்டச்சு செய்யும் வசதி 2009 இல் வந்த 1.5 பதிப்பில்தான் சேர்ந்தது. இவற்றையெல்லாம்விட நம்மைத் தொட்ட விடயம், அதன் மூல நிரல் திறந்த உரிமத்தில் வெளியிடப்பட்டதாகும். எந்தத் தயாரிப்பாளரும் உரிமக் கட்டணமின்றி அதை எடுத்துப் பயன்படுத்தலாம் என்றிருந்ததால்தான், தீபாவளி முற்பணத்தில் வாங்கக்கூடிய விலையில் போன்கள் சந்தைக்கு வந்தன என்பது என் எண்ணம்.

அன்ட்ரொய்டின் அடித்தளம், லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கருவகம். கணினியில் ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கணக்கு வழங்குவதற்காக லினக்ஸில் இருந்த ஏற்பாட்டை, அன்ட்ரொய்டை வடிவமைத்தவர்கள் வட்ஸ்அப் போன்ற ஒவ்வொரு செயலிக்கும் தனி அடையாளம் வழங்கப் பயன்படுத்திக்கொண்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவில் (அறையில்) பேசுவது அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். இங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தும், ஒரு செயலி தனக்கென வைத்திருக்கும் தரவை மற்றொன்று அனுமதியின்றி எட்டிப் பார்க்க முடியாது. ஆயினும் 2015 இல் 6.0 பதிப்பு வரும்வரை, செயலி கேட்கும் அனுமதிகள் அனைத்தையும் நிறுவும்போதே மொத்தமாகக் கொடுத்தாக வேண்டியிருந்தது. தொடர்புகளையோ ஒலிவாங்கியையோ தேவைப்படும் நேரத்தில் தனித்தனியாகக் கேட்டுப் பெறும் முறை அதற்குப் பின்னரே வந்தது.

பழைய போன்களுக்குப் புதிய பதிப்பு ஏன் வருவதில்லை? கூகுள் ஒரு பதிப்பை வெளியிட்டதும், சில்லுத் தயாரிப்பாளர் தமது வன்பொருளுக்கேற்ற மென்பொருளைத் திருத்த வேண்டும். பின்னர் போன் தயாரிப்பாளர் தமது மாற்றங்களைச் சேர்த்துச் சோதித்து அனுப்ப வேண்டும். விற்று முடிந்த மலிவு மாதிரிக்காக இவ்வளவு செலவழிக்க அவர்கள் விரும்புவதில்லை. 2017 இல் 8.0 பதிப்புடன் வந்த ட்ரெபிள் என்ற மறுசீரமைப்பு, வன்பொருளைச் சார்ந்த பகுதியையும் இயங்குதளத்தின் மேற்பகுதியையும், ஒன்றைத் தொடாமலே மற்றதை மாற்றக்கூடியவாறு வெவ்வேறாகப் பிரித்தது. திரையில் எந்த மாற்றத்தையும் காட்டாத இந்த வேலையையே அன்ட்ரொய்டின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பமாக நான் கருதுகிறேன். 2019 இல் 10 ஆம் பதிப்பு, சில உட்கூறுகளைக் கூகுளின் செயலிக் கடையான பிளே வழியாகவே இற்றைப்படுத்தும் (அப்டேட் செய்யும்) வழியையும் திறந்தது. பிக்சல் 8, கெலக்சி எஸ்24 போன்ற விலையுயர்ந்த போன்களுக்கு இப்போது ஏழு ஆண்டு இற்றைப்படுத்தல் வாக்களிக்கப்பட்டுள்ளது. அவை கைமாறி நம் பக்கம் வரும்போதும் அதில் சில ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

செயலிகள் ஓடும்போது பயன்படும் நினைவகத்தின் (ரம்) கதை வேறு. 2013 இல் வந்த 4.4 பதிப்பு 512 மெகாபைட் நினைவகத்திலும் ஓடும்படி மெலிதாக்கப்பட்டது. பின்னர் 1 ஜிகாபைட்டோ அதற்குக் குறைவோ கொண்ட போன்களுக்காக 'கோ' பதிப்பு வந்தது. ஆனால் 13 ஆம் பதிப்பில் அந்தக் 'கோ'வுக்கே குறைந்தது 2 ஜிகாபைட் வேண்டும் என்றாகிவிட்டது.

மொழி விடயத்தில் நாம் நெடுநாள் காத்திருந்தோம். தொடக்ககாலப் போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. எழுத்துரு இருந்த சிலவற்றிலும் கொம்பு தன் இடத்தில் நிற்காமல் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 4.0 பதிப்புக் காலத்திலிருந்துதான் இது சீராகத் தொடங்கியது. 2014 இல் வந்த 5.0 பதிப்பு, தமிழையும் சிங்களத்தையும் ஒரே நேரத்தில் இடைமுக மொழிகளாகச் சேர்த்தது. பிற்பாடு தமிழில் பேசினாலே எழுத்தாக மாற்றித் தரும் வசதியும் வந்தது. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரலுக்குத் தொடுதிரையின் சிறு விசைகள் எளிதில் வசப்படுவதில்லை. ஆகவே எழுத வராத பெரியவர்களுக்கு இந்தக் குரல் வசதியைத்தான் முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

இனிக் கடைக் கேள்விக்கு வருவோம். 2023 ஒக்டோபரிலிருந்து வட்ஸ்அப் 5.0 இற்குக் குறைந்த பதிப்புகளை ஆதரிப்பதில்லை. அதே ஆண்டில் கூகுளும் 4.4 பதிப்புக்கான, பல செயலிகள் நம்பியிருக்கும் பிளே சேவைகளை இற்றைப்படுத்துவதை நிறுத்தியது. 7.1.1 இற்கு முந்திய போன்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தளம் உண்மையானதுதான் என்று உறுதிப்படுத்த ஏராளமான இணையத்தளங்கள் பயன்படுத்தும் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' சான்றிதழை அந்தப் போன்கள் தாமாக நம்பாததால், செயலிகளும் தளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி நின்றுவிடக்கூடும். எனவே வாங்குமுன் அமைப்புகளுக்குள் சென்று, போனைப் பற்றிய பகுதியில் அன்ட்ரொய்ட் பதிப்பையும் பாதுகாப்பு இற்றைப்படுத்தலின் திகதியையும் பாருங்கள். பதிப்பு 8 இற்குக் கீழேயும் நினைவகம் 2 ஜிகாபைட்டுக்குக் குறைவாகவும் இருந்தால், விலை எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடலாம்.

வீட்டுக்குள்ளேயே கைமாறும் போனாக இருந்தால், முதலில் பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கை அமைப்புகளில் நீக்கிவிட்டு, அதன் பின்னரே முழுவதையும் அழியுங்கள். திருட்டைத் தடுப்பதற்காக 2015 இல் 5.1 பதிப்புடன் வந்த பாதுகாப்பு, அமைப்புகளுக்குள் செல்லாமல் பொத்தான்களை அழுத்திப் பிடித்து அழிக்கப்பட்ட போனில் முன்பிருந்த கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதை மகன் மறந்திருந்தால், அம்மாவின் கையிலிருக்கும் போன் அவர் கொழும்பிலிருந்து கணக்கை மீட்டுக் கொடுக்கும்வரை திறக்காது.