மின்ச்சோ ஆற்றங்கரையில் இரண்டு நாள்: பொட்சோலோவில் சைக்கிள் பாதையை விட்டுவிடுங்கள்

வட இத்தாலியின் கார்டா ஏரி தெற்கே முடியும் இடத்தில் பெஸ்கியேரா என்ற கோட்டை ஊர் இருக்கிறது. மின்ச்சோ ஆறு அங்கேதான் புறப்படுகிறது. சுமார் 75 கி.மீ. ஓடி, மாந்தோவா நகரைச் சுற்றிக்கொண்டு போ ஆற்றில் கலக்கிறது. பெஸ்கியேராவிலிருந்து மாந்தோவா வரை சுமார் 43 கி.மீ. சைக்கிள் பாதை உண்டு. பெரும்பாலும் கார் வராத, மேடு பள்ளம் இல்லாத பாதை. காலையில் கிளம்பி மதியத்துக்குள் மாந்தோவா சேர்ந்து, ரயிலேறித் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போனால் பாதி ஆற்றைத்தான் பார்த்திருப்போம். பொட்சோலோ ஊரைத் தாண்டியதும் பாதை ஆற்றை விட்டுப் பிரிந்து, வாய்க்கால் கரையைப் பிடித்து நகரத்துக்குப் போய்விடுகிறது. ஆறோ மேற்கே வளைந்து, நாணல் காட்டுக்குள் நுழைந்து, தாமரைக்குளமாக விரிந்துவிடுகிறது. அதைப் பார்க்கத்தான் இரண்டாவது நாள்.

வடக்கிலிருந்து தெற்கே போவதுதான் சௌகரியம், தண்ணீர் போகும் திசையிலேயே நிலமும் லேசாக இறங்கும். பெஸ்கியேரா ஸ்டேஷன் மிலான்–வெனிஸ் ரயில் பாதையிலேயே இருக்கிறது. திரும்பும்போது மாந்தோவாவிலிருந்து வெரோனா, அங்கே வண்டி மாறிப் பெஸ்கியேரா. உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும், இடமும் கொஞ்சம்தான். ஞாயிறு மாலையில் சைக்கிளோடு ஏற முடியாமல் அடுத்த வண்டிக்குக் காத்திருக்க நேரலாம், அதனால் கடைசி ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். மறந்தால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கம் ஒதுங்குவது இங்கே ஆபத்து. இத்தாலியில் வலப்பக்கம்தான். பின்னால் வருகிறவர் மணியடித்ததும் கை தானாக இடப்பக்கம் திருப்பும். அங்கேதான் எதிரே பந்தயச் சைக்கிள்காரர் வருவார். முதல் ஒரு மணி நேரம் இதை மட்டும் மனதில் வைத்திருங்கள். மாற்று டியூப், கைப்பம்பு, இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம் வேண்டும். ஊர்களுக்கு நடுவே கடை கிடையாது. குழாயில் 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை.

முதல் சில கிலோமீட்டரிலேயே சலியோன்சே வரும். ஆற்றின் குறுக்கே மதகுகள். கார்டா ஏரியின் நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது இவைதான். கீழே வயல்களுக்கு எவ்வளவு தேவையோ அதைப் பொறுத்துத் திறப்பார்கள். மழையே பெய்யாத நாளிலும் ஆற்றின் வேகம் கூடுவது இதனால்தான். கரையோரம் பச்சையாய், தெளிவாய், ஆழமில்லாததுபோல் தெரியும் தண்ணீரைப் பார்த்தால் இறங்கத்தான் தோன்றும். இறங்காதீர்கள். மதகுக்கும் பழைய ஆலைகளுக்கும் கீழே சுழல் இருக்கும். குளிக்கத் தடை என்ற பலகை இருக்கும் இடங்களில் காரணமில்லாமல் வைக்கவில்லை.

பெஸ்கியேராவிலிருந்து சுமார் 15 கி.மீ. போனால் போர்கெத்தோ. ஆற்றின் நடுவிலேயே பழைய நீராலைகள், சக்கரங்கள், நாலைந்து வீடுகள். கூட்டம் எல்லாம் அங்கேயே படம் எடுத்துக்கொண்டிருக்கும். அவர்கள் தலைக்கு மேலே, பள்ளத்தாக்கின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஒரு செங்கல் மலைபோல் நிற்பதுதான் இந்தப் பயணத்தின் முக்கியமான சங்கதி. மிலானை ஆண்ட ஜான் கலெயாத்சோ விஸ்கோந்தி 1393-இல் கட்டத் தொடங்கிய பாலம், நீளம் சுமார் 650 மீட்டர். ஆற்றின் அகலத்தைப் பாருங்கள், அதைக் கடக்க இவ்வளவு நீளம் தேவையே இல்லை. இதைப் பாலமும் அணையும் சேர்ந்த கட்டுமானம் என்றே சொல்கிறார்கள். ஆற்றை இங்கே மறித்துத் திருப்பிவிட்டால், கீழே மாந்தோவாவைக் காத்து நிற்கும் ஏரிகள் வற்றிவிடும், நகரம் தானாக விழும் என்பதுதான் கணக்கு. அது நடக்கவில்லை. சுவரின் அருகே போய்க் கை வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகச் செங்கல், இடையிடையே ஆற்றிலிருந்து அள்ளிய உருண்டைக் கற்கள். ஆற்றை அடைக்க ஆற்றின் கல்லையே எடுத்திருக்கிறார்கள். இப்போது ஆறு ஓடும் நடுப்பகுதியில் பழைய சுவர் இல்லை, இரும்புப் பாலம்தான். மேலே கார்கள் போகும், பார்த்து நடக்க வேண்டும். முழு நீளமும் ஒரே பார்வையில் தெரிய, வலெஜ்ஜோ ஊரின் குன்றில், வெரோனாவை ஆண்ட ஸ்காலிஜெர் குடும்பத்தின் கோட்டைக்கு ஏறுங்கள். சைக்கிளைக் கீழேயே பூட்டிவிடுவது நல்லது.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. வலெஜ்ஜோவின் பெருமையான தொர்தெல்லீனி, பூரணம் வைத்து மடித்த பாஸ்தா, உள்ளே இருப்பது இறைச்சி. வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டும் மேலே கிடப்பதைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. சைவக்காரர்கள் மாந்தோவா பக்கத்துப் பூசணித் தொர்தெல்லி கேட்கலாம், பூசணியோடு பாதாம் பிஸ்கட்டும் பழ ஊறுகாயும் சீஸும் கலந்த இனிப்புப் பூரணம். பல ஊர்களில் பிற்பகல் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழுக்குத்தான் மறுபடி. கிராமத்துத் தேவாலயங்களும் நண்பகலில் கதவடைத்துவிடும். பார்க்க வேண்டியதை காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவை வலெஜ்ஜோவில் கழித்துவிட்டு, இரண்டாம் நாள் பொட்சோலோவில் பாதையை விட்டுக் கோயித்தோ பக்கம் திரும்புங்கள். இனிமேல் கார் ஓடும் சாலைகள், ஒளிரும் மேல்சட்டையும் பின்விளக்கும் அவசியம். கோயித்தோ பாலத்தில் 1848 ஏப்ரலில் வடமேற்கு இத்தாலிய அரசான பியத்மோந்தின் படைக்கும் ஆஸ்திரியருக்கும் சண்டை நடந்தது. இத்தாலியின் இறகுத்தொப்பி வீரர்களான பெர்சல்யேரி படைக்கு அங்கே நினைவுச்சின்னம் உண்டு. 1859 முதல் 1866 வரை இந்த ஆற்றின் ஒரு பகுதி இரண்டு நாடுகளுக்கு எல்லையாகவே இருந்தது.

ரிவால்தாவுக்கு வந்தால் ஆறு அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஓட்டம் மெதுவாகி, கண்ணுக்கெட்டிய தூரம் நாணல். செந்நாரையும் சேற்றுப்பருந்தும் இந்த நாணலுக்குள்தான் கூடு கட்டுகின்றன. நாணல் அறுத்தும் மீன் பிடித்தும் பிழைத்த மக்களின் கருவிகளை வைத்து இந்த ஊரில் சிறிய அருங்காட்சியகம் நடத்துகிறார்கள்.

அடுத்தது கிராத்சியே, மாந்தோவாவுக்கு மேற்கே சுமார் 8 கி.மீ. கொள்ளைநோய் தணிந்ததற்கு நன்றியாக, மாந்தோவாவை ஆண்ட பிரான்செஸ்கோ கொன்சாகா எழுப்பிய மாதா கோயில், 1406-இல் அர்ப்பணிக்கப்பட்டது. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து ஒரு நிஜ முதலை தொங்குகிறது, பாடம் செய்து சங்கிலியில் கட்டியது. தீமையை அடக்கியதன் அடையாளம். பக்கச் சுவர்கள் முழுக்க மெழுகில் செய்த கை, கண், இதயம், மார்பு. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, இது உருவாரமும் கண்ணடக்கமும்தான். நேர்த்திக்கடன் எல்லா ஊரிலும் ஒரே மொழிதான் பேசுகிறது. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி, கோயில் முற்றத்துத் தரையில் சுண்ணக்கட்டியால் ஓவியர்கள் மாதா படங்கள் வரைவார்கள், 1973 முதல் நடக்கிறது. அந்த நாட்களில் தங்க இடம் கிடைப்பது கடினம்.

கோயிலுக்குக் கீழே படகுத்துறை. ஜூலை, ஆகஸ்டில் வந்தால் படகேறாமல் போகாதீர்கள். 1921-இல் கொண்டுவந்து விட்ட தாமரை, மாந்தோவாவின் ‘மேல் ஏரி’யில் பெரும்பரப்பாகப் பரவிவிட்டது. வெள்ளை ஆம்பலும் அங்கே உண்டு. இலை தண்ணீரில் படுத்திருந்தால் ஆம்பல், தண்டில் தூக்கி நின்று, தெறித்த நீர் முத்தாக உருண்டால் தாமரை. காலையில் விரிந்த பூ பிற்பகலில் கூம்பத் தொடங்கும் என்பதால் முதல் படகையே பிடியுங்கள். அழகுதான், ஆனால் அதன் நிழலில் நீருக்கடியிலுள்ள செடிகள் வெளிச்சமின்றிச் சாகின்றன. அதனால் ஆண்டுதோறும் வெட்டிக் கட்டுப்படுத்துகிறார்கள். பூவைப் பறிக்க வேண்டாம். கொசுத்தொல்லை மாலையில் கடுமை, முழுக்கால் உடையும் கொசுவிரட்டியும் வேண்டும். தாமரை முக்கியமில்லை என்றால் ஏப்ரல், மே, செப்டம்பர் மாதங்கள்தான் சைக்கிளுக்கு ஏற்றவை.

மாந்தோவாவைச் சுற்றிய ஏரிகளும் இயற்கையாக இருந்தவை அல்ல. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பெர்த்தோ பித்தென்தீனோ என்ற பொறியாளர் சதுப்பை அடக்கி, கரையும் மதகும் கட்டி, ஆற்றை நகரின் அகழியாக்கினார். விஸ்கோந்தி வற்றவைக்க நினைத்தது இந்தத் தண்ணீரைத்தான். ரயிலுக்கு நேரமிருந்தால் சான் ஜோர்ஜோ பாலத்தைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போங்கள். மாலையில் சூரியன் நகரத்துக்குப் பின்னால் இறங்கும்போது, அரண்மனையும் கோபுரங்களும் ஏரிக்குள் தலைகீழாக நிற்கும்.