மூன்று லட்சத்துக்குள்: ஆடி மாதக் குறிப்புகள்

ஆடி 1, வியாழன்

ஆனி முகூர்த்தமெல்லாம் முடிந்தது. இனி ஆவணிதான். கல்யாண வீடியோவுக்கு நான் எடுத்துப்போன அண்ணாச்சியின் கேமரா, பேட்டரி, சார்ஜர், கார்டு எல்லாம் அவர் கண் முன்னால் எண்ணி ஒப்படைத்தாயிற்று. "புதுசு வாங்கிட்டுச் சொல்லுடே, வந்து பாக்கேன்" என்றார். அது வாழ்த்தா குத்தலா என்று அவர் முகத்தில் என்றைக்குத் தெரிந்தது?

சொந்தமாகக் கேமரா, லைட், கம்ப்யூட்டர் வாங்கக் கையில் மூன்று லட்சம். அதில் ஒன்றேகால் இன்னும் கைக்கு வரவில்லை.

ஆடி 3, சனி

ராத்திரி முழுக்க மூன்று கேமராவுக்குள்ளேயே சுற்றுகிறேன்.

மூன்றும் சோனி. பழைய ஏ7 III. 2018-இல் வந்தது, புல் பிரேம் (பெரிய சென்சார்), இரண்டு கார்டு. ஆனால் 8 பிட், நிறப் படிகள் குறைவு. கல்யாண மேடையில் பின்னால் ஊதா லைட் போட்டுவிட்டால் கலர் கிரேடிங்கில் (பிறகு நிறம் திருத்தும்போது) திரைச்சீலை பட்டை பட்டையாகப் பிரியும். ஏ6700 புதிது, 10 பிட், 4:2:2 (நிறத் தகவல் அதிகம்), விலையும் கட்டுப்படியாகும். ஒரே கார்டு. எஃப்எக்ஸ்30-இல் ஏ6700-ஐப் போலவே 26 மெகாபிக்சல் சென்சார், இரண்டு கார்டு, உள்ளே விசிறியும் உண்டு. மே மாதம் ஏசி இல்லாத மண்டபத்தில் நின்று பார்த்தவனுக்கு அந்த விசிறியின் அருமை தெரியும். புதிது வாங்கினால் பணம் கேமராவோடு முடிந்துபோகும்.

கார்டு விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். ஒன்று கெட்டால் இன்னொன்றில் இருக்க வேண்டும். தாலி கட்டினதை மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

ஆடி 4, ஞாயிறு

அக்காவிடமிருந்து போன் வரவில்லை.

ஆடி 8, வியாழன்

அமாவாசை. குறுக்குத்துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம். படித்துறையில் நிற்க இடமில்லை. ஒவ்வொரு வருஷமும் கரையேறுவதற்குள் அக்கா கூப்பிட்டு "எள்ளு, தண்ணி எல்லாம் ஒழுங்கா விட்டியா" என்று கேட்பாள். ஈரத் துண்டோடு போனைப் பார்த்தபடியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கல்யாணக் கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்ததைப் போட்டேன். ஆயிரம் வாட் சன் கன், கேமராவுக்கு மேலேயே, நேராக முகத்தில். அக்கா நல்ல கறுப்பு. கேசட்டில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறாள், கண் கூசி மூக்கெல்லாம் வேர்த்து. கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். அவள் முகம் அதில் எங்குமே இல்லை. இதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த லைட் பாய் யாரென்று தேடிப்போய் இரண்டு கேள்வி கேட்கத் தோன்றும்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அதை ஏம்ல இப்பப் போடுத" என்றாள். நிறுத்திவிட்டேன்.

ஆடி 9, வெள்ளி

முடிவு பண்ணிவிட்டேன். முதலில் லைட், அப்புறம்தான் கேமரா. தெரிந்தவர்கள் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முழுப் பணத்தையும் பாடியில் கொட்டிவிட்டு, கடைசியில் சந்தையில் கிடைக்கிற எல்.இ.டி. பலகை ஒன்றை வாங்கி முகத்துக்கு நேரே பிடிப்பது.

அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. (லைட் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்கிற எண்) 95 என்று பெரிதாகப் போட்டிருப்பான். அந்த எண் சோதனை நிறங்களில் முதல் எட்டின் சராசரி மட்டும்தான். ஒன்பதாவது, அடர் சிவப்பு, கணக்கிலேயே வராது. ஆர்9 என்று தனியாகப் போட்டிருந்தால் பார்க்கலாம், போடாதவன் ஏன் போடவில்லை என்று யோசிக்க வேண்டும். நம் கல்யாணத்தில் எது சிவப்பில்லை? குங்குமம், அரக்குப் பட்டு, மருதாணி, தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தம். அந்தச் சிவப்பு செத்த லைட்டில் கறுத்த முகம் சாம்பலும் பச்சையுமாக மாறும். பிறகு எடிட்டர் அதை வெளுக்க வைத்து ஒப்பேற்றுவார். "பொண்ணைக் கொஞ்சம் கலரா காட்டுங்கண்ணே" என்று கேட்பவர்கள் பாதிப் பேர் உண்மையில் இந்தப் பச்சையைப் பார்த்துப் பயந்தவர்கள்.

இரண்டு லைட் போதும். நூறு வாட் சி.ஓ.பி. (பல எல்.இ.டி. ஒரே சில்லில்) ஒன்று, அறுபது வாட் ஒன்று, இரண்டும் போவன்ஸ் மவுண்ட். அப்போதுதான் வெளிச்சத்தை மென்மையாக்கும் சாப்ட்பாக்ஸ் எவனுடையதும் மாட்டும். பக்கவாட்டில், உயரத்தில், முடிந்தால் கூரையில் அடித்துத் திருப்பி. கூரை கறுப்பாக இருந்தால் தெர்மோகோல். சினிமாக்காரர்களே இன்னும் அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

ஜீப்ராவும் (வெளிச்சம் நாம் வைத்த அளவைத் தொட்டால் திரையில் விழுகிற கோடுகள்) அப்படித்தான். முகத்துக்கு 70 என்பது வெள்ளைத் தோலுக்கு வைத்த கணக்கு. அக்காவுக்கு 50-ஐத் தாண்டக் கூடாது.

அக்காவுக்கு என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஆடி 12, திங்கள்

தென்காசிப் பக்கம் சாரல் பின்னுகிறதாம். இங்கே வரைக்கும் காற்று ஈரம். பழைய 50 எம்.எம். லென்ஸைத் திறந்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மீதி லென்ஸை வைத்தேன். "அரிசி எங்கே?" என்று சமையலறையிலிருந்து சத்தம்.

ஆடி 15, வியாழன்

நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட். கம்ப்யூட்டருக்கு.

கடைக்காரப் பையன் 'எஃப்' என்று முடிகிற பிராசசரையே தலையில் கட்டப் பார்த்தான். விலை குறைவாம். அதில் உள்கிராபிக்ஸ் கிடையாது. எனக்கு வேண்டியதே அதுதான். ஆர்.டி.எக்ஸ் 40 வரிசை வரைக்கும் என்விடியா கார்டுகள் 10 பிட் 4:2:2-ஐ ஹார்டுவேரில் பிரிக்காது. வீடியோவைச் சுருக்கும் முறை எச்.265 என்றால் 11-ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த இன்டெல் உள்கிராபிக்ஸ் பிரிக்கும். எச்.264-இல் 4:2:2 வந்தால் அதுவும் கைவிரித்துவிடும். 50 வரிசை இரண்டையும் பிரிக்கும், அந்த விலைக்கு நான் போக முடியாது. அதனால் இன்டெல், மிச்சத்துக்கு ப்ராக்ஸி (எடிட் பண்ண மட்டும் எடுக்கிற லேசான நகல்). ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார். பையன் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, கேம் ஆடுவீங்களா?" என்றான்.

எடிட்டிங்குக்கு எடியஸ்தான் கை பழகியது. ஆனாலும் டாவின்சிக்கு மாறுகிறேன். இலவசப் பதிப்பிலேயே அல்ட்ரா எச்.டி. வரை வெளியே எடுக்கலாம். கட்டணப் பதிப்பான ஸ்டூடியோ வேண்டுமென்றால் ஒரே தடவை 295 டாலர், மாதச் சந்தா தொல்லை இல்லை. அதைத் தை மாதம் பார்ப்போம்.

ஹார்ட் டிஸ்க் இரண்டு. 4கே 25 பிரேம் 140 மெகாபிட் என்றால் மணிக்கு 63 ஜி.பி. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் சேர்ந்தால் முந்நூறைத் தாண்டும். அதை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். இந்தச் செலவை எந்த வீட்டிலும் பில்லில் போட முடியாது.

ஆடி 19, திங்கள்

நேற்று பெருக்கு. ஊரே பொன் வாங்கியது. இன்று மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, ரசீதை மட்டும் வாங்கித் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

ஆடி 22, வியாழன்

எஃப்எக்ஸ்30 கிடைத்துவிட்டது. செகண்ட் ஹேண்ட், நாகர்கோவில். துபாய்க்குப் போகிறவர், அவசரம். ஒரிஜினல் பில்லோடு. லென்ஸ் மூடியைப் போட்டு, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, கறுப்புத் திரையில் ஒளிப்புள்ளி இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். டி.ஜே. லேசர் பட்ட சென்சாரில் குறுக்கே கோடு விழும், அதுவும் இல்லை. "சந்தேகம் தீர்ந்துச்சா?" என்று அவர் சிரித்தார். தீரவில்லை, வாங்கிவிட்டேன்.

லென்ஸ் சிக்மா 18-50, எஃப் 2.8. ஒன்று போதும்.

ஆடி 24, சனி

அம்மன் கோயில் கொடையில் சோதனை. ஐ.எஸ்.ஓ. 2500-இல் ராத்திரிப் படம் சுத்தமாக இருக்கிறது, தீப்பந்தத்தில் அம்மாவின் முகம் அம்மாவின் முகமாகவே வந்திருக்கிறது. சத்தம்தான் நாசம். நாகஸ்வரம் சமாளித்துவிடும், தவில் அடித்த அடியில் மைக் கிழிகிறது. சத்தம் எகிறினாலும் பிறகு சரிசெய்ய முடிகிற 32 பிட் ப்ளோட் ரெக்கார்டர் ஒன்று வேண்டும், ஜூம் எச்1 எசென்ஷியல் போதும். பணம்?

அம்மா சின்னத் திரையில் தன்னைப் பார்த்துவிட்டு, "இதை உங்கக்காவுக்கு அனுப்பு" என்றாள். அனுப்பினேன். இரண்டு நீல டிக்.

ஆடி 27, செவ்வாய்

அக்கா மகள் பாப்பாவிடமிருந்து மெசேஜ். ஒரு வார்த்தை கிடையாது, மண்டபத்தின் போட்டோ மட்டும். மேடைக்கு மேலே கூரை வெள்ளை. நூறு வாட்டை அப்படியே மேலே அடிக்கலாம். ஆனால் தாய்மாமன் மேடையில் நிற்க வேண்டுமே, கேமராவை யாரிடம் கொடுப்பது? தம்பிக்கு ஜீப்ரா இன்னும் பிடிபடவில்லை. பின்னால் எல்.இ.டி. வால் வைக்கிறார்களா, ஜெனரேட்டர் யாருடையது என்று பதில் போட்டிருக்கிறேன்.