பதில் வரும் வரைக்கும்

கல்லடியில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு வெளிநாட்டு அறிவியல் புனைகதைத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவதுதான் என் வேலை. விண்வெளி எவ்வளவு பெரியது என்று காட்ட முக்கால்வாசித் தொடர்கள் ஒரே வழியைத்தான் பிடிக்கின்றன: கறுப்பு வெளி, நடுவில் தூசி மாதிரி ஒரு கப்பல். முதல் தரம் பார்க்கும்போது மூச்சு அடைக்கும். மூன்றாம் அத்தியாயத்தில் கண் பழகிவிடும், தேத்தண்ணி எடுக்க எழும்பிப் போய்விடுவோம்.

போன வருடம் ஒரு காட்சியில் பிழை விட்டேன். செவ்வாய்ப் பக்கம் நிற்கிற கப்பலில் இருந்து ஒருத்தி வீட்டுக்குத் தகவல் அனுப்பிவிட்டு இருக்கிறாள். 14 விநாடி பேச்சே இல்லை. கோப்பையை எடுக்கிறாள், குடிக்காமலே வைக்கிறாள், பிறகுதான் தாயின் குரல் வருகிறது. தாயின் வசனம் நீளம், வாசிக்க நேரம் காணாது என்று அந்த வரியை 3 விநாடி முன்னுக்கு இழுத்துப் போட்டேன். சரிபார்க்கிற அக்கா உடனே கோல் எடுத்தா: "தம்பி, அந்தப் பிள்ளையை வீட்டு வாசலிலயே கொண்டுவந்து விட்டுட்டீங்களே!"

வாழைச்சேனையில் இருந்து ஆழ்கடல் போட்டில் நாள்கணக்காகப் போய்வருகிற என் மாமா ஒருமுறை சொன்னது அப்போதுதான் விளங்கியது: "கரை மறைஞ்சா கடல் பெரிசில்ல மனே. ரேடியோவில கூப்பிட்டுப் பதில் வராட்டித்தான் பெரிசு."

1969இல், கூட வந்த இருவரும் சந்திரனில் இறங்க, அப்பலோ 11 விண்வெளி வீரர் மைக்கல் கொலின்ஸ் தனியாகச் சந்திரனைச் சுற்றியபோது, அதன் பின்பக்கம் போகிற ஒவ்வொரு தடவையும் 48 நிமிடம் அளவில் பூமியோடு பேச வழியில்லை. 'ஸ்டார் ட்ரெக் வொயேஜர்' தொடரில் கப்பல் 70,000 ஒளியாண்டு தள்ளிப்போய் மாட்டிக்கொள்கிறது, வீடு திரும்ப 75 வருடமாம். அந்த இலக்கம் என்னை ஒன்றும் செய்யவில்லை. நான்காவது பருவத்தில், அவர்கள் உயிரோடு இருப்பது தெரியவந்து வீட்டுக் கடிதங்கள் வந்து சேரும் இடத்தில்தான் அந்தத் தூரம் முழுக்க என் மேல் வந்து விழுந்தது.

அக்கா கோல் எடுத்த அன்றைக்கு இரவே அந்த வரியைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். 14 விநாடியும் திரையில் ஒரு எழுத்தும் இல்லை. இப்போது வாசிக்க நேரம் இல்லையே, அதனால் நித்திரை, மருந்து, சாப்பாடு என்று நீண்ட தாயின் பேச்சை வெட்டி வெட்டிக் கடைசியில் "சாப்பிட்டியா மகள்?" என்பதை மட்டும் விட்டேன். செவ்வாய் ஆகத் தூரத்தில் நிற்கும் காலத்தில், அவள் "ஓம் அம்மா" என்று சொன்னால் அது பூமிக்குப் போய்ச் சேர 22 நிமிடம் ஆகும்.