கொடியை எரிக்கச் சொல்லும் விதி

ஜூன் 14 அமெரிக்காவில் கொடி நாள். அன்று பல ஊர்களில் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளைகள் கூடி தேசியக்கொடிகளை எரிக்கின்றன. போராட்டமெல்லாம் இல்லை. கிழிந்து, நைந்து, சாயம் வெளுத்துப்போன கொடிக்குச் செய்யும் கடைசி மரியாதை அது. பறக்கவிடத் தகுதியிழந்த கொடியைக் கண்ணியமாக அழிக்க வேண்டும், எரிப்பதே உத்தமம் என்று ஃபிளாக் கோட் எனப்படும் கொடி விதிகளின் 8ஆம் பிரிவு சொல்கிறது.

எரிப்பதற்கு முன் மடிக்க வேண்டும். இரண்டு பேர் இடுப்பு உயரத்தில் விரைப்பாகப் பிடித்து, கோடுகள் உள்ள கீழ்ப்பாதியை நீளவாக்கில் மேலே மடிப்பார்கள். நீலக் கட்டம் வெளியே தெரிகிற மாதிரி இன்னொரு முறை நீளவாக்கில் மடிப்பு. பிறகு கோடுகள் இருக்கும் முனையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மடித்துக்கொண்டே வந்தால், கடைசியில் சிவப்பு மறைந்து நட்சத்திரம் பதித்த நீல முக்கோணம் மட்டும் மிஞ்சும். ராணுவ வீரரின் சவப்பெட்டி மீது போர்த்தும் 5 அடிக்கு 9½ அடிக் கொடியில் மொத்தம் 13 மடிப்பு வரும். ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு பொருள் சொல்லும் உரை ஒன்று நெடுநாளாகச் சுற்றிவருகிறது. விதிகளில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது.

தீ நன்றாகப் பிடித்த பிறகுதான் கொடியை வைக்க வேண்டும். தணலில் வைத்தால் பாதி கருகி நின்றுவிடும், அதைவிட அவமரியாதை வேறில்லை. இன்னொரு சிக்கல் துணி. இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர். அவை எரிவதைவிட அதிகமாக உருகிச் சொட்டும், நச்சுப் புகை வேறு. அதனால் பருத்திக் கொடியை மட்டும் தீயில் இட்டு, மற்றதை மறுசுழற்சிக்கு அனுப்புகிறவர்களும் உண்டு.

கொடி எரிக்கும் இதே செயலை 1984இல் கிரெகரி லீ ஜான்சன் டல்லாஸ் நகரில், குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது, போராட்டமாகத் தெருவில் செய்தார். டெக்சாஸ் அவருக்கு ஓராண்டு சிறையும் 2,000 டாலர் அபராதமும் விதித்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அந்தத் தண்டனை செல்லாது என்றது. நீதிபதி பிரென்னன் தீர்ப்பில் வைத்த வாதம் எளிமையானது. பழைய கொடியை மரியாதையாக எரித்தால் குற்றமில்லை, கோபத்தில் எரித்தால் குற்றம் என்றால், தண்டனை தீக்குப் போகவில்லை, கருத்துக்குப் போகிறது. கொடி எரிப்பவர்களைக் கண்டாலே பிடிக்காத பழமைவாதி ஸ்காலியா இந்த ஐவரில் ஒருவர். தாராளவாதி என்று பெயரெடுத்த ஸ்டீவன்ஸ், இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர், எதிர்த்து எழுதினார். இன்றைக்கு ஒரு நீதிபதியின் பெயரைச் சொன்னதும் ஓட்டு எந்தப் பக்கம் என்று ஊகிக்கப் பழகிவிட்டவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம்.

நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு புதுச் சட்டம் கொண்டுவந்தது, 1990இல் அதுவும் விழுந்தது. 2006இல் அரசியலமைப்பையே திருத்தும் முயற்சி செனட்டில் 66–34, ஒரே ஓட்டில் தோற்றது. 2025 ஆகஸ்ட் 25 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணையும் எரிப்பதை நேரடியாகக் குற்றமாக்கவில்லை. ஆக்கவும் முடியாது. எரிப்பவர் வேறு சட்டங்களை மீறியிருந்தால் அவற்றின் கீழ் வழக்குப் போட முன்னுரிமை கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

சரி, அந்தக் கொடி விதிகளை மீறினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. 1923இல் தனியார் அமைப்புகள் கூடி எழுதி, 1942இல் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட இந்த விதிகள் குடிமக்கள் எப்படி நடந்துகொள்வது என்று விரிவாகச் சொல்கின்றன, தவறினால் என்ன தண்டனை என்று சொல்வதில்லை. தமிழில் 'வேண்டும்' என்று எழுதினால் அறிவுரையா கட்டளையா என்று புரியாது. ஆங்கில மூலத்தில் பெரும்பாலான இடங்களில் இருப்பது 'ஷுட்' (should). செய்வது முறை என்ற அளவுக்குத்தான். இந்தியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியக்கொடியை அவமதித்தால் மூன்றாண்டு வரை சிறை.

தண்டனை இல்லாததும் நல்லதற்குத்தான். இருந்திருந்தால் முதலில் மாட்டுகிறவர்கள் தேசபக்தர்கள். கொடியை உடையாக அணியக் கூடாது, விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, துடைத்து எறியும் பேப்பர் நாப்கினில் அச்சடிக்கக் கூடாது என்பதெல்லாம் விதி. ஜூலை 4 அன்று எந்த வீட்டுப் பின்கட்டில் பார்பெக்யூ நடந்தாலும் மூன்றும் அங்கே இருக்கும். கால்பந்து மைதானம் முழுக்க விரித்து நூறு பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் ராட்சதக் கொடியும் மீறல்தான். கொடியைக் கிடையாகத் தூக்கிச் செல்லக் கூடாது, எப்போதும் உயர்ந்து பறக்க வேண்டும் என்கிறது அதே 8ஆம் பிரிவு.

நாட்டின் கட்சிப் பிளவு கண்ணுக்குத் தெரியும் இடம் அரைக்கம்பம். அரைக்கம்பத்தில் ஏற்றும்போது பலர் செய்யும் தவறு, கொடியை நேராகப் பாதிவரை இழுத்துக் கட்டிவிடுவது. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகுதான் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் மறுபடி உச்சிக்கு ஏற்றிய பிறகே கழற்ற வேண்டும். வீட்டுச் சுவரில் சாய்வாகப் பொருத்திய சிறு கம்பத்தில் இது முடியாது. அங்கே கம்ப முனையில் கறுப்பு நாடா கட்டுவது வழக்கம். யாருக்கு எத்தனை நாள் என்பதும் வரையறுத்ததுதான். அதிபர், முன்னாள் அதிபர் என்றால் 30 நாள். துணை அதிபர், தலைமை நீதிபதி, சபாநாயகர் என்றால் 10 நாள்.

ஜனநாயகக் கட்சியின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று தம் 100ஆவது வயதில் காலமானார். 30 நாள் கணக்கில் 2025 ஜனவரி 20, டிரம்ப்பின் பதவியேற்பு, நடுவில் வந்துவிட்டது. தன் விழாவில் கொடி தாழ்ந்து நிற்கும் என்று டிரம்ப் குறைபட்டார். டிரம்ப்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சபாநாயகர் மைக் ஜான்சன் நாடாளுமன்றக் கட்டடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் கொடியை முழுக்க ஏற்றச் சொன்னார், டெக்சாஸ், புளோரிடா ஆளுநர்களும் அப்படியே. ஜனநாயகக் கட்சியின் கலிஃபோர்னியா ஆளுநர் நியூசமும் அதையே செய்தார் என்பதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மறுநாள் கொடி மீண்டும் பாதிக்கு இறங்கியது.

முன்பும் இப்படி ஒன்று நேர்ந்தது. ஜனநாயகக் கட்சியின் முன்னாள் அதிபர் ட்ரூமன் 1972 டிசம்பர் 26 அன்று இறந்தார். குடியரசுக் கட்சியின் நிக்சன் 1973 ஜனவரி 20 அன்று இரண்டாம் முறை பதவியேற்றபோது கொடிகள் அரைக்கம்பத்திலேயே நின்றன. வியட்நாமுக்காக நாடு தெருவில் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒற்றுமை அப்போது அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு துக்க நாளைக் கட்சிக் கணக்கில் எழுதும் பழக்கம் மட்டும் இந்த அளவுக்கு இல்லை என்பது என் கணிப்பு.

தலைகீழ்க் கொடிக்கும் இதே கதி. நீலக் கட்டம் கீழே வருமாறு கட்டுவது உயிருக்கோ உடைமைக்கோ பேராபத்து என்பதற்கான அடையாளம். 2024 மே மாத இறுதியில் டிரம்ப்புக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததும் அவருடைய ஆதரவாளர்கள் கொடியைத் தலைகீழாகப் பறக்கவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் எல் கேப்பிட்டான் பாறையில், அவர் அரசின் ஆட்குறைப்பை எதிர்த்து ஊழியர்கள் தொங்கவிட்டதும் தலைகீழ்க் கொடிதான்.

பள்ளியில் சொல்லும் உறுதிமொழியும் இந்தக் கொடியை நோக்கியதுதான். 1892இல் பிரான்சிஸ் பெல்லமி எழுதியது. 'கடவுளின் கீழ்' என்ற சொல் 1954இல்தான் நுழைந்தது. ஆரம்பத்தில் வலக்கையைக் கொடியை நோக்கி நீட்டிச் சொல்வார்கள். அது ஹிட்லர் வணக்கம் போலிருந்ததால் 1942 டிசம்பரில் கை நெஞ்சுக்கு வந்தது. சொல்ல மறுத்த, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கலாம் என்று 1940இல் சொன்ன அதே உச்ச நீதிமன்றம், மூன்றே ஆண்டில், போர் உச்சத்தில் இருக்கும்போது, 6–3 என்று மாற்றிக்கொண்டது. தீர்ப்பு வந்த நாள் 1943 ஜூன் 14, கொடி நாள். கேரளத்தில் தேசியகீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று பிள்ளைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்கச் சொன்ன நம் உச்ச நீதிமன்றத்தின் 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பு, இந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டியது.

ஆகவே அமெரிக்காவில் எந்த மாணவரையும் உறுதிமொழி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் டெக்சாஸிலும் புளோரிடாவிலும், சொல்லாமல் இருக்க விரும்பும் பிள்ளை பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்கிறது மாநிலச் சட்டம்.